மூன்றாவது குழியில் பாம்பு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அம்மா முதலில் மேலே பார்ப்பாள். கல்யாண வீடு, பல் மருத்துவர் அறை, வங்கி, எதுவானாலும் சரி. கூரையைப் பார்த்து முடித்த பிறகுதான் ஆட்களைப் பார்ப்பாள். கடைசியாக அவள் அப்படிப் பார்த்தது மருத்துவமனையின் நாலாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில்.

"இது எப்படி?" என்றாள்.

"கான்கிரீட், அம்மா. நல்லாத்தான் இருக்கு."

"அந்த மூலையில கீறல்."

"பூச்சுல விழுந்த கீறல். உள்ளே போகல."

"பார்த்தியா, இல்ல சும்மா சொல்றியா?"

"பார்த்தேன்."

அவள் தூங்கிய பிறகுதான் எழுந்துபோய், அந்தக் கீறல் சுவரில் இறங்கியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பூச்சுதான்.

நான் கட்டடப் பொறியாளர். பழைய பாலங்களும் பழைய கட்டடங்களும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அம்மா ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆயாவாக இருந்தாள். எங்கள் இருவரில் இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவள் அவள்தான். அதைப் பதிவு செய்ய இதை எழுதுகிறேன்.

போர் வந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. அந்த வயதில் பிள்ளைகள் 'ஆயா' என்று கூப்பிட்டது முதல் மாதம் மட்டும் உறுத்தியதாம். அப்பா படைக்குச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டப் போயிருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். அதில் பாதியைத் தணிக்கைக்காரர்கள் மையால் அடித்திருப்பார்கள். "மிச்சப் பாதி பூரா டயரைப் பத்தி," என்பாள் அம்மா. "அதை அடிச்சுட்டு மத்ததை விட்டிருக்கலாம்." நான் சொல்லவருவது நடந்தபோது, அவள் வயிற்றில் நான் ஐந்து மாதம்.

காலை ஆறரைக்குப் பள்ளியைத் திறப்பாள். பதினொரு வகுப்பறைகள், புழக்கத்தில் இருந்தவை ஐந்து. பாதிக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தன. மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டைகள் ஒட்டியிருக்கும். ஈரத்தில் அவை உரிந்து தொங்கினால் பசை காய்ச்சி மறுபடி ஒட்டுவது அவள் வேலை. தூசு எழும்பாமலிருக்க ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்குவாள். பிறகு ஒட்டடை. அதற்கு இரண்டு கம்புகள் வைத்திருந்தாள். பத்தடி நீளக் கம்பு வகுப்பறைகளுக்கு. ஆறடிக்குச் சற்றுக் குறைந்த மூங்கில் கம்பு பதுங்குகுழிகளுக்கு.

விளையாட்டுத் திடலில் மூன்று குழிகள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் முப்பதடி நீளம், ஏழடி அகலம். உள்ளே எதிரெதிராக இரண்டு வரிசை பெஞ்சு. ஒரு முனையில் படி, மறுமுனையில் தவழ்ந்து வெளியேற ஒரு வழி. அகலவாக்கில் உருட்டுக் கட்டைகள், அவற்றின்மேல் பலகை, தார்த் துணி, அதற்கு மேல் மண். வாசலுக்குக் கதவு கிடையாது, சாக்குத் திரைதான். அவசரத்தில் யாரும் பூட்டைத் தேடக்கூடாது என்று உத்தரவு.

முதல் குழி ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு. அடுத்தது மூன்றாம், நாலாம் வகுப்புகளுக்கு. கடைசிக் குழி ஐந்தாம் வகுப்புக்கு; முப்பத்தெட்டுப் பேர், அவர்களுடைய கணக்கு டீச்சர்.

நகராட்சி அனுப்பிய வரைபடத்தின் நகல் ஒன்றைப் பிற்காலத்தில் நான் பார்த்தேன். சுத்தமான வேலை. கட்டைகளின் தடிமன், இடைவெளி, எல்லாம் சரி. மண்ணைப் பற்றி ஒரே வரி: "குறைந்தது ஒன்றரை அடி." அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கூடுதலாக மண் சுமக்க எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

அவர்கள் பள்ளிக்கூடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒத்திகையின்போது பிள்ளைகள் குழிக்குள் இறங்கப் பயந்தார்கள். சிறிய வகுப்புகளில் அழுகை, ஒரு நாள் வாந்தி. தலைமையாசிரியர் நல்ல மனிதர், யோசித்தார். திடல் முழுக்கக் குழியாகிவிட்டதால் அந்த ஆண்டு ஓட்டப் பந்தயம் இல்லை. வெள்ளிக் கோப்பை அலமாரியில் சும்மா இருந்தது. குழிகளின்மேல் தோட்டம் போடுங்கள், எந்தத் தோட்டம் செழிப்பாக இருக்கிறதோ அதற்குக் கோப்பை என்று அறிவித்தார். செடி நன்றாக வளர மண் வேண்டும். மண் கூடினால் பாதுகாப்பும் கூடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்கே தன்மேல் சந்தோஷம்.

அழுகை நின்றுவிட்டது. அதுவரை குழி என்றால் முகத்தைச் சுளித்த பிள்ளைகள் இடைவேளையில் அங்கேயே பழியாய்க் கிடந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலிருந்த காலி மனையிலிருந்து கூடை கூடையாக மண் வந்தது. ஐந்தாம் வகுப்பில் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு கூடை. கணக்கு டீச்சர் கரும்பலகையின் மூலையில் தினமும் மொத்தம் எழுதிவைப்பார். தக்காளி, பீன்ஸ், நடுவில் ஒரு பூசணி. காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர்.

அம்மா முதலில் கவனித்தது பெஞ்சின்மேல் மண். தினமும் துடைத்த பெஞ்சில் தினமும் ஒரு கைப்பிடி மண். பிறகு கம்பு. ஒட்டடை அடித்து முடித்ததும் பெஞ்சைத் துடைப்பதற்காகக் கம்பை நடுக்கட்டைக்கு நேர்கீழே தரையில் நட்டமாக, செங்குத்தாக ஊன்றிவிடுவது அவள் வழக்கம். கம்பின் உச்சிக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். ஒரு மாதம் கழித்து ஒரு விரல்தான் நுழைந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கம்பு நிற்கவே இல்லை. சாய்த்தால்தான் உள்ளே அடங்கியது.

கம்பைத் தூக்கிக்கொண்டு கணக்கு டீச்சரிடம் போனாள். அவர் பூசணிக் கொடியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பிள்ளைகள்.

"டீச்சர், கூரை இறங்குது."

"எந்தக் கூரை?"

"உங்க குழியோடது. என் கம்பு முன்னெல்லாம் நட்டமா நிக்கும். இப்போ நிக்கல."

டீச்சர் நிமிர்ந்து கம்பைப் பார்த்தார். "மூங்கில்தானே ஆயாம்மா? வளர்ந்திருக்கும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பொடிசு வாளித் தண்ணீரைக் கம்பின் அடியில் ஊற்றியது. அம்மாவும் சிரித்துவிட்டாள். "சிரிப்பு வந்துடுச்சு, என்ன பண்றது," என்பாள். "ஆனா சிரிச்சதும் என் பேச்சு எடுபடாமப் போச்சு."

அடுத்தது தலைமையாசிரியர். திங்கட்கிழமை, பத்து மணி இடைவேளை, அவர் கையில் டீ.

"ஐயா, மூணாவது குழியில மண்ணு ஜாஸ்தியா இருக்கு. கட்டை வளையுது."

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே ஆயாம்மா?"

"பாரம் தாங்காதுங்க."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தார். "பாருங்க. குறைந்தது ஒன்றரை அடின்னு போட்டிருக்கு. குறைந்ததுன்னா என்ன அர்த்தம்? அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் தப்பில்லன்னுதானே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. எவ்வளவு மண்ணு போட்டாலும் எனக்குப் பத்தாது. நான் வேணா நகராட்சிக்கு எழுதிப் போடறேன். அடுத்த வாரம் வந்து பார்க்கட்டும்."

எழுதினார். அவர் சொன்னதைச் செய்பவர். அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது கம்பை வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கட்டைகள் முனகின. "வயசானவங்க திரும்பிப் படுக்கிற மாதிரி," என்றாள் என்னிடம். படியேறி வெளியே வந்து நின்றாள். பூட்ட முடியாது, கதவில்லை. மறுபடி சொல்ல முடியாது; ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. விமானத் தாக்குதல் சங்கு எந்த நிமிஷமும் ஊதலாம். ஊதினால் முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக இதற்குள்தான் இறங்குவார்கள்.

நேராக ஐந்தாம் வகுப்பு வாசலுக்குப் போனாள்.

"டீச்சர், குழிக்குள்ள பாம்பு."

கணக்கு டீச்சர் நாற்காலியிலிருந்து அரையடி எழும்பினார். கரப்பான்பூச்சிக்கே மேசைமேல் ஏறுபவர் என்று பள்ளிக்கே தெரியும்.

"எவ்ளோ பெருசு ஆயா?" பின் பெஞ்சிலிருந்து.

அம்மா கைகளை விரித்தாள்.

"என்ன கலரு?"

"கறுப்பு."

"படம் எடுத்துச்சா?"

"இல்ல, தூங்கிட்டிருந்துச்சு."

"தூங்கும்போது கண்ணு மூடியிருந்துச்சா?"

"போய்க் கிட்ட நின்னு பார்க்கச் சொல்றியா? உக்காருடா!"

அன்று மதியமே பாம்பு பிடிப்பவர் வந்தார். டார்ச்சு அடித்துப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், சுவரோரம் மோந்தும் பார்த்தார். வெளியே வந்து, "தடம் இருக்கு," என்றார். "பெரிய உருப்படி. மழைக்கு உள்ளே வந்திருக்கு. இரண்டு மூணு நாள் யாரும் போக வேண்டாம்." அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று மூச்சுக் காட்டவில்லை.

திரைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். மறு உத்தரவு வரும்வரை ஐந்தாம் வகுப்பு இரண்டாவது குழிக்குப் போக வேண்டும் என்றார் தலைமையாசிரியர்.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. நாற்பது பேருக்கான குழிக்குள் எழுபத்தாறு பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும். பெஞ்சில் மடிமேல் மடி, நடுவில் நின்றபடி மற்றவர்கள். அம்மா படியில் உட்கார்ந்து திரையைப் பிடித்துக்கொண்டாள். குண்டுகள் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தன, ஒன்றரை மைல் தள்ளி. ஒவ்வொன்றுக்கும் தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆறு எண்ணியதாகச் சொன்னாள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே வேறொரு சத்தம் கேட்டது, மிக அருகில், மந்தமாக, மூட்டையை இறக்கி வைத்ததைப் போல. அது என்னவென்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியதும் வெளியே வந்தார்கள். மூன்றாவது குழியின் தோட்டம் நடுவில் இல்லை. இரு ஓரங்களிலும் தக்காளிச் செடிகள் அப்படியே நின்றன. நடுவே பெரிய பள்ளம். பூசணிக் கொடி அதற்குள் தலைகீழாகத் தொங்கியது. ஈர மண் வாசனை. கணக்கு டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு சின்னப் பெண், "அப்போ பாம்பு?" என்றாள். "செத்திருக்கும்," என்றான் பக்கத்தில் நின்றவன். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரு பாம்புக்காக அழுததை அம்மா சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வரும், கண்ணிலும் நீர் நிற்கும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்தப் பாம்பைப் புகழ்ந்து பேசினார். வாயில்லா ஜீவன் நம் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டது என்றார். பிறகு சொன்னார்:

"ஒன்றரை மைல் தள்ளி விழுந்த குண்டுக்கே இந்தக் கூரை தாங்கவில்லை. நாம் போட்ட மண் போதவில்லை. இன்றிலிருந்து மற்ற இரண்டு குழிகளுக்கும் தலைக்கு மூன்று கூடை."

அம்மா வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அவள் பொய் ஒரு குழியைக் காலி செய்திருந்தது. இப்போது அதே பொய் இன்னொரு குழியின்மேல் மண்ணைக் கொட்டப் போகிறது. அதில் எழுபத்தாறு பேர். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். போர்க் காலத்தில் பள்ளியில் புரளி கிளப்புகிறவர்களை உடனே நீக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளே அவள்தான். கைக்கு ஒழுங்காக வருவது அவள் சம்பளம் மட்டும், வயிற்றில் நான்.

கூட்டம் கலைந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். வான்காப்புப் பிரிவிலிருந்து வந்த அதிகாரி உள்ளே உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். இரும்புத் தொப்பியைக் கழற்றாமலேயே எல்லா இடமும் போவதால் அவருக்கு ஊரில் தொப்பிக்காரர் என்று பெயர்.

"ஐயா, பாம்பு இல்ல."

"செத்திருக்கும் ஆயாம்மா, என்ன செய்ய."

"அதில்லங்க. பாம்பே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதெப்படி? பிடிக்க வந்தவர் தடம் இருக்குன்னு சொன்னாரே?"

"அவரும் பொய் சொன்னாருங்க."

"அவர் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அது எனக்குத் தெரியாது. நான் எதுக்குச் சொன்னேன்னு மட்டும் தெரியும்."

தொப்பிக்காரர் பேனாவை வைத்தார். "எதுக்கு?"

அம்மா கம்பைக் காட்டினாள். காட்டி என்ன பயன் என்று அப்போதே தோன்றியதாம். அந்த அறையில் அது வெறும் ஒட்டடைக் கம்பு. "வாங்க," என்றாள். "வந்து பாருங்க."

தொப்பிக்காரர் எழுந்தார். அவர் எழுந்ததால் தலைமையாசிரியரும் எழுந்தார்.

இரண்டாவது குழி. நடுக்கட்டைக்குக் கீழே கம்பை நிறுத்தினாள். உச்சி கட்டையில் முட்டியது, நட்டமாக வரவில்லை. "மழைக்கு முன்னாடி ஒரு விரல் நுழைஞ்சுது," என்றாள். பிறகு முதல் குழி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடை தூக்கினால் பாதி வழியில் மண்ணைச் சிந்திவிட்டு வெறுங்கூடையோடு வந்து சேர்வார்கள். அவர்கள் தோட்டத்தில் எட்டு அவரைச் செடி வாடி நின்றது. உள்ளே கம்பை நிறுத்தினாள். நட்டமாக நின்றது. அம்மா தன் இரண்டு விரல்களை உச்சிக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துக் காட்டினாள்.

இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. ஒரே வரைபடம், ஒரே மரம், ஒரே மழை. மண் மட்டும் வேறு.

தொப்பிக்காரர் டேப்பை எடுத்து அளந்தார். மேலே ஏறி மண்ணில் கம்பியைக் குத்தி ஆழம் பார்த்தார். இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இன்னிக்கே எடுக்கணும், சார்," என்றார். "ஒன்றரை அடிக்கு மேல ஒரு கூடை இருக்கக் கூடாது."

தலைமையாசிரியர் படியில் உட்கார்ந்தார். "ஆயாம்மா, இதை நீங்க என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்கய்யா."

"எப்போ?"

"போன வாரம் திங்கக்கிழமை. நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க."

அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கோட்டைக் கழற்றிச் சாக்குத் திரைமேல் போட்டுவிட்டு, இரண்டாவது குழியின்மேல் முதல் மண்வெட்டியை அவரே போட்டார். மாலைக்குள் மண் இறங்கியது. பத்து நாளில் மறுபடி சங்கு ஊதியது. அந்தக் கூரை தாங்கியது. போர் முடியும்வரை தாங்கியது.

அம்மாவை அவர் நீக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "பிள்ளைங்க பாம்பு காப்பாத்துச்சுன்னு நம்பிட்டிருக்காங்க. தாங்களே சுமந்த மண்ணுதான் விழுந்ததுன்னு தெரிஞ்சா அப்புறம் எந்தக் குழிக்குள்ளயும் இறங்க மாட்டாங்க. பாம்பு இருந்துட்டுப் போகட்டும்." அம்மா சரி என்றாள். தொப்பிக்காரரின் அறிக்கையில், வடிகால் வசதிக்காகக் கூடுதல் மண் அகற்றப்பட்டது என்று இருந்தது. ஆயாவும் இல்லை, கம்பும் இல்லை. ஆண்டு விழாவில் வெள்ளிக் கோப்பை எட்டு அவரைச் செடிக்கு, ஒன்றாம் வகுப்புக்குப் போனது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு வகுப்பும் அவளைப் பிடித்துக்கொண்டு, "பாம்பு ஆயா, பாம்பு கதை சொல்லு," என்று கேட்டது. சொன்னாள். பாம்பு வருஷத்துக்கு ஓரடி வளர்ந்தது. நானும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், நம்பியும் இருந்தேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில். சமையலறை மேசையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் செய்துகொண்டிருந்தேன், பாரத்துக்கு உத்தரம் எவ்வளவு வளையும் என்பது பற்றி. அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அது என்னடி படம், வில்லு மாதிரி?" என்றாள். சொன்னேன். "நடுவுலதான் ரொம்ப இறங்குமா?" "ஆமா." "அதான் நான் நடுவுல நிறுத்தினேன்," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்றே கணக்குப் போட்டேன். நாலடி ஈர மண் என்று அவள் நினைவிலிருந்து சொன்னாள். வடிவமைத்த பாரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. கூடுதல் வளைவு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். அவள் இரண்டு விரல்களை ஸ்கேலில் வைத்து அளந்தேன். மூன்றே கால்.

"அப்போ விழுந்திருக்குமா, விழாதா?" என்றாள். "குண்டு இல்லாமலே?"

"விளிம்புல நிக்குது, அம்மா. விழுந்திருக்கலாம்."

"லாம்," என்றாள். அந்த 'லாம்' அவளுக்குப் போதவில்லை. மறுபடி கேட்கவில்லை. ஆனால் என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "குண்டு விழுந்ததாலதாண்டி என் பேச்சை நம்பினாங்க. கூரை விழறதுக்கு முன்னாடி ஒருத்தர், ஒரே ஒருத்தர் நம்பியிருந்தா எனக்கு அது போதும்."

நான் கையெழுத்திடும் ஒவ்வொரு அறிக்கையிலும் அதிகபட்ச பாரம் எவ்வளவு என்பதைத் தனி வரியாக எழுதுகிறேன். அலுவலகத்தில் அதைக் கேலி செய்வார்கள். எழுதுகிறேன்.

அம்மாவின் அடக்கம் முடிந்து பதினோராவது நாள் ஒரு முதிய பெண்மணி வாசலில் வந்து நின்றார். கையில் ஊன்றுகோல், நேரான வகிடு. கணக்கு டீச்சர் என்று அவரே சொன்னார். எண்பதைத் தொடும் வயது. சேதி தாமதமாகத்தான் கிடைத்ததாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"நீ கணக்குப் போட்டு வெச்சிருக்கியாமே? எப்பவோ கடைத்தெருவுல பார்த்தப்போ உங்கம்மா பெருமையாச் சொன்னா. காட்டு."

பழைய நோட்டை எடுத்து வந்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"நாலடி தப்பு."

"அம்மா சொன்னதுதான்."

"அவ கண்ணால பார்த்துச் சொன்னா. நான் எண்ணினேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு கூடை. முப்பத்தெட்டுப் பேர், இரண்டு கூடை, ஐம்பத்திரண்டு நாள். பலகையில எழுதினவளே நான்தான்." நோட்டில் விரலால் தட்டினார். "நடுவுல பூசணிக்குன்னு மேடு கட்டினோம். அங்கே நாலரை. திருத்து."

திருத்தினேன். அந்த மேசையிலேயே, பென்சிலால். விளிம்பைத் தாண்டிவிட்டது. குண்டு இல்லாமல், திங்கட்கிழமையே விழுந்திருக்க வேண்டிய கூரை. 'லாம்' இல்லை.

"அப்புறம் எப்படிப் புதன்கிழமை வரைக்கும் நின்னுது?" என்றார்.

"மரம் சில சமயம் புத்தகத்தைவிட நல்லதா இருக்கும், டீச்சர்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "புதன்கிழமை காலையில நான் சீக்கிரம் வந்துட்டேன்," என்றார். "உங்கம்மா கயித்துக்கு அடியில குனிஞ்சு மூணாவது குழிக்குள்ள போறதைப் பார்த்தேன். கையில கம்பு. ஐந்து மாச வயிறு. பாம்பு இருக்குன்னு சொன்னவளே தன்னந்தனியா உள்ளே போறா. இரண்டு நிமிஷம் கழிச்சு வெளியே வந்தா. முகம் சரியில்ல."

அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை. கம்பு நிற்குமா என்று பார்க்கப் போயிருக்கிறாள். தான் நினைத்தது தப்பாக இருக்கட்டும் என்று.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா? பாம்பு இல்லன்னு?"

"தெரியும். சங்கு ஊதினப்போ முப்பத்தெட்டுப் பேரும் வரிசையில நிக்கறாங்க. இடது பக்கம் எங்க குழி, காலியா. வலது பக்கம் அந்த நெரிசல். பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல, பேசாம நம்ம குழிக்கே போயிடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். பாம்புக்குப் பயப்படாதவ, வேற எதுக்கோ பயப்படறா. என்கிட்ட சொன்னா, நான் மூங்கில் வளர்ந்திருக்கும்னு சொன்னேன்." ஊன்றுகோலின் பிடியைத் தடவினார். "வலது பக்கம் திருப்பினேன்."

"ஏன் டீச்சர் அவகிட்டச் சொல்லல?"

"சொன்னா மூங்கிலுக்கு மன்னிப்புக் கேக்கணுமே. நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு..."

ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்று அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சரியான எண்ணை மறைத்துப் பழக்கமில்லை எனக்கு.

"பன்னெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம், டீச்சர்."

"ஆமா," என்றார்.

கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போனேன். மூன்று படிகள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் எண்ணியபடி இறங்கினார்.